மற்ற பயணிகள்: இல்லை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களைக் கெஞ்சி நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை, தூரத்தில் கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதெல்லாம் இங்கே கிடைக்காது. அன்று சனிக்கிழமை. மணி சாயங்காலம் ஐந்து ஐம்பது. கண் கூசுகிற அளவுக்கு வெயில் இருந்தது. நாய் ஒன்றும் ஊளையிடவில்லை. எனக்குத்தான் ஊளையிட வேண்டும் போல இருந்தது.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன சர்வேயர். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. மோதி நொறுங்கிய காரைப் போய்ப் பார்த்து, எங்கே அடி, எப்படி அடி, சொன்னது உண்மையா புளுகா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புளுகுதான் அதிகம். காரைப் பார்த்தால் உங்களுக்கெல்லாம் ஆசை வரும். எனக்கு, இதில் யார் மண்டை எந்தக் கண்ணாடியில் போய் மோதும் என்றுதான் தோன்றும். பார்க்காத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களை நிற்கவைத்து இதைச் சொல்வேன். அவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

என் தம்பி பல் டாக்டர். நாற்பது வயது ஆகப்போகிறது என்றதும் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சிலர் தலைக்குச் சாயம் பூசுவார்கள், சிலர் ஓடிப் பழகுவார்கள். இவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். ஒரு ஷோரூமில் இரண்டு பழைய கார்களைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல். இரண்டிலும் இரண்டே பேர்தான் உட்கார முடியும். மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாத வண்டிக்கு முப்பது பேர் போகிற பஸ்ஸின் விலை.

இரண்டையும் ஒப்பிட்டு நான்கு பக்கத்துக்கு அட்டவணை போட்டு என்னிடம் நீட்டினான்.

"அக்கா, மஞ்சள் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மூணு பாயின்ட் ஆறு செகண்டுல போகும். சாம்பல் மூணு பாயின்ட் நாலு."

"உன் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல எத்தனை சிக்னல்டா?"

"ஏழு."

"அந்த பாயின்ட் ரெண்டு செகண்ட் மிச்சத்தை வெச்சு என்ன பண்ணப் போற? ஒரு பல்லு கூடப் பிடுங்குவியா?"

மூஞ்சியைச் சுருக்கிக்கொண்டான். ஆனாலும் அக்கா வந்து பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். தம்பி மனைவி வாங்கிய சத்தியம் அது. அவளுக்கு என் கையெழுத்தில் அவ்வளவு நம்பிக்கை. "அண்ணி சரின்னு சொன்னாத்தான் நான் அதுல ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஷோரூம்காரருக்கு நான் வைத்த பெயர் வாசனைக்காரர். அவர் வருவதற்கு அரை நிமிஷம் முன்னாலேயே சென்ட் வாசனை வந்துவிடும். கார்களை "இவ" "இவ" என்றுதான் சொன்னார்.

"இவ கொஞ்சம் கோவக்காரி மேடம். ஆனா அந்த சாம்பல்... அவ மகாராணி."

"மகாராணிக்கு ஆக்சிடென்ட் எதுவும்?"

"சே சே. ஒரு கீறல்கூட இல்ல."

பையிலிருந்து பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை எடுத்தேன். மஞ்சள் வண்டி முழுக்க நூற்றிருபது மைக்ரான். கம்பெனிப் பெயின்ட். சாம்பல் வண்டியின் வலதுபக்கம் இருநூறு. இடதுபக்கக் கதவு நானூற்றுப் பத்து, அடியை மறைக்க மேலே மேலே பூசிய கனம். பெட்ரோல் மூடியைத் திறந்து கீல் இடுக்கில் டார்ச் அடித்தேன். உள்ளே நகக்கண் அளவுக்கு நீலம் தெரிந்தது.

"மகாராணி முன்னாடி நீலமா இருந்தாங்களோ?"

வாசனைக்காரர் பல்லைக் காட்டினார். "கஸ்டமர் டேஸ்ட் மேடம். நிறம் மாத்தறது தப்பா?"

இடதுபக்கம் அடி வாங்கின வண்டி என்று தம்பியிடம் சொன்னேன். விலையைக் குறைக்கலாமே என்று அவன் கண்ணில் ஒரு வெளிச்சம். என் தம்பிதான், ஒரே வயிற்றில் பிறந்தவன்தான், என்ன செய்வது?

வெள்ளத்தில் மூழ்கின வண்டியா என்றும் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்துவேன். ஈரம் இருந்தால் பேப்பர் சொல்லிவிடும். சாம்பலில் பேப்பர் மொறமொறவென்று இருந்தது. கையில் வைத்திருந்த குறிப்பு அட்டையில் 'ஈரம் இல்லை' என்று எழுதினேன். நேரம் 4:35.

எனக்கு ஒரு பழக்கம். எந்த இரண்டு வண்டியை ஒப்பிட்டாலும் ஒரே பாதையில்தான் ஓட்டுவேன். ஷோரூம், சுரங்கப்பாதை, தண்ணீர்த்தொட்டிப் பக்கத்து ரவுண்டானா, அங்கே ஒரு முழுச்சுற்று, வேறு வழியாகத் திரும்ப ஷோரூம். கிளம்பும்போது தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஒரு போட்டோ, திரும்பியதும் ஒரு போட்டோ. வாய்ப்பேச்சை நான் நம்புவதில்லை.

மஞ்சள் வண்டி 14.2 கிலோமீட்டர், இருபத்து நான்கு நிமிஷம். பக்கத்தில் தம்பி. வண்டி எழுப்பிய சத்தத்தில் ரோட்டில் போன ஒரு குழந்தை அழுதது. தம்பி பெருமையாகச் சிரித்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியின் வயிறு தரையில் தேய்ந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இதை வாங்கித் தொலை" என்றேன்.

"எனக்கு அந்த சாம்பல்தான்கா பிடிச்சிருக்கு."

"அப்ப நான் மட்டும் தனியா ஓட்டறேன். நீ பக்கத்துல இருந்தா அழகு, அம்சம்னு உளறிக்கிட்டே வருவ."

வாட்ச்மேன் கேட்டில் இருந்த நோட்டில் எழுதினார். சாம்பல் கார், வெளியே, 5:41.

நான் நாலடி பதினோரு அங்குலம். இருக்கையை முழுக்க முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டீயரிங்கை இறக்கித்தான் எந்த வண்டியையும் ஓட்ட முடியும். அப்படிச் சரிசெய்துகொண்டுதான் கிளம்பினேன். மீட்டரில் 0.0. போட்டோ எடுத்தேன்.

முதல் சிக்னல். பிரேக்கில் கால் வைத்தேன். கால் நுனிதான் எட்டியது.

இருக்கை ஒரு விரல் அளவு பின்னால் போயிருந்தது.

இத்தனை விலை கொடுக்கிற வண்டியில் சீட் கூட ஒரு இடத்தில் நிற்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொத்தானை அழுத்தி முன்னால் கொண்டுவந்தேன். அட்டையில் எழுதினேன்: 'சீட் மோட்டார் பழுது.'

சுரங்கப்பாதை. 5:46. உள்ளே நுழையும்போது நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வருகிற வண்டிகள் தெரியவில்லை. கூரைதான் தெரிந்தது. கண்ணாடி மேல்நோக்கித் திரும்பியிருந்தது, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவன் உட்கார்ந்து பார்த்தால் சரியாக இருக்கும் அளவுக்கு. இதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ஞாபகம் உண்டு. பழைய சொந்தக்காரன் எப்படி உட்கார்ந்தானோ அதையே வண்டி திரும்பத் திரும்பச் செய்யும். அழித்துவிட்டு விற்க வேண்டும். வாசனைக்காரருக்குச் சென்ட் அடிக்கவே நேரம் போதாதபோது அதெல்லாம் எங்கே?

எழுதினேன்: 'பழைய ஞாபகம் அழிக்கப்படவில்லை.'

இப்போது யோசித்தால் அந்த வரி எனக்கே பிடிக்கவில்லை.

ரவுண்டானா. வண்டியின் கடிகாரத்தில் 5:50. என் கைக்கடிகாரத்திலும் 5:50. நான் முழுச்சுற்றுச் சுற்றித் திரும்ப வேண்டும்.

டிக்... டிக்... டிக்...

இடதுபக்க இண்டிகேட்டர். நான் போடவில்லை.

அணைத்தேன்.

டிக்... டிக்... டிக்...

மறுபடி அணைத்தேன். "சனியனே" என்று வாய்விட்டே திட்டினேன். ஸ்டீயரிங் இடதுபக்கம் இழுத்தது. டயரில் காற்று குறைந்தால் இழுக்குமே, அந்த மாதிரி இல்லை. என் கைக்கு மேலே இன்னொரு கை இருந்து திருப்புகிற மாதிரி... மெதுவாக... அவசரமே இல்லாமல்.

வண்டி இடதுபக்க ரோட்டில் நுழைந்தது. எனக்கு அந்த ரோடு தெரியாது.

பிரேக்கை மிதிக்கப் போனேன். கால் காற்றில் ஆடியது.

இருக்கை முழுக்கப் பின்னால் போயிருந்தது. உர்ர்ர் என்று அந்த மோட்டார் சத்தம் அப்போதுதான் ஓய்ந்தது. ஸ்டீயரிங் வளையத்தை விரல் நுனியால்தான் பிடிக்க முடிந்தது. நான் முன்னால் நகர்ந்து உட்காரப் பார்த்தேன். சீட் பெல்ட் பூட்டிக்கொண்டு விடவில்லை.

குனிந்து காலடியைப் பார்த்தேன்.

என் பாதங்கள் இரண்டும் தரையில் இருந்தன. ஆக்சிலரேட்டர் பெடல் கீழே போய்க்கொண்டிருந்தது. தானாக. ஒரு கனமான கால் அழுத்துகிற மாதிரி.

எழுபது.

எண்பது.

நான் பத்தொன்பது வருஷம் கேட்ட புளுகெல்லாம் ஞாபகம் வந்தது. 'வண்டி தானாப் போச்சு மேடம்' என்று எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேரை மூஞ்சிக்கு நேராகச் சிரித்து அனுப்பியிருக்கிறேன். 

தொழிற்சாலைச் சுவர். பூட்டிய கடைகள். ஒரு பள்ளிக்கூட மைதானம். எதிரே வண்டி இல்லை. மனிதர் இல்லை.

கடிகாரம் 5:50.

இவ்வளவு தூரம் வந்தும் 5:50.

வேகம் குறைந்தது. இடது இண்டிகேட்டர் மறுபடி டிக்... டிக்... மிகவும் மரியாதையாக ஓரங்கட்டி ஒரு இரண்டு மாடிக் குடியிருப்பின் கேட் முன்னால் நின்றது. மீட்டரைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

முதல் மாடி ஜன்னலில் திரையை விலக்கிப் பிடித்தபடி ஒரு அம்மாள் நின்றாள். என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். காப்பாற்றுங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். 

அவள் கையை மெல்ல ஆட்டினாள். யாரையோ வழியனுப்புகிற மாதிரி.

க்ளக்.

இந்த வண்டிகளில் கதவுக் கைப்பிடி உள்ளேயே பதிந்திருக்கும். ஆள் பக்கத்தில் வந்தால்தான் வெளியே நீளும்.

இடதுபக்கக் கைப்பிடி நீண்டது.

கதவு திறந்தது.

யாரும் இல்லை.

பக்கத்து இருக்கையின் தோல்... கிரீச்... என்றது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

கதவு மூடியது. டப்.

வண்டி நகர்ந்தது.

சேற்றுத் தண்ணீர் வாசனை வந்தது. சொட்... சொட்... என்று சத்தம். நான் இடதுபக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இதை உங்களுக்குச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

எதிரே ஒரு பாலம்.

கால்வாய்ப் பாலம். கட்டைச்சுவர் முழுக்கப் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும், ஒரு கார் அகலத்துக்கு, புதுச் சிமென்ட்.

வண்டி அந்தப் புதுச் சிமென்டை நோக்கிப் போனது.

தொண்ணூறு.

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நடுவில் ஹேண்ட்பிரேக் பொத்தான் இருக்கும். அதற்குக் கால் எட்ட வேண்டாம். கை போதும். இழுத்தேன். விடாமல் இழுத்துப் பிடித்தேன். டயர் அலறியது. நானும் அலறினேன்.

நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

மீட்டர்... அந்த நேரத்திலும் நான் மீட்டரைத்தான் பார்த்தேன். கைபேசியில் போட்டோ கூட எடுத்திருக்கிறேன். எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

திரும்பி வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அடுத்து நினைவில் இருப்பது ரவுண்டானா. இருக்கை என் அளவுக்கு முன்னால் வந்திருந்தது. கண்ணாடி என் உயரத்துக்குத் திரும்பியிருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து என் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தான். அவன் திட்டியது காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. கடிகாரம் 5:51 ஆனது.

வாட்ச்மேன் நோட்டு: உள்ளே, 6:05. இருபத்து நான்கு நிமிஷம். மஞ்சள் வண்டிக்கு ஆன அதே நேரம்.

மீட்டரில் 31.6.

சனிக்கிழமைச் சாயங்கால நெரிசலில் இருபத்து நான்கு நிமிஷத்தில் முப்பத்தொரு கிலோமீட்டர். இதை யாராவது என்னிடம் கிளெய்ம் பாரத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன்.

நான் என் பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். இடதுபக்கக் கதவை யாரும் திறக்கவில்லை. கைப்பிடி உள்ளேயே பதிந்திருந்தது. நான் வெளியிலிருந்தே குனிந்து, கையை நீட்டி, பக்கத்து இருக்கையின் தரைவிரிப்பைத் தொட்டேன். பிழிந்தால் தண்ணீர் வரும்.

"எப்படிக்கா இருக்கு?" தம்பி ஓடி வந்தான். அவன் விரலில் பேனா மை. நான் ஓட்டப் போன நேரத்தில் வாசனைக்காரர் அவனை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். சாம்பலுக்கு.

"இந்த வண்டி வேண்டாம்."

"ஏன்?"

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பேய் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது வருஷ கெளரவம் விடவில்லை. அட்டையை நீட்டினேன். "சீட் மோட்டார் போச்சு. இண்டிகேட்டர் சரியில்ல. இடதுபக்கம் இழுக்குது. ஏசி தண்ணி உள்ளே ஒழுகுது."

வாசனைக்காரர் சிரித்தார். "நாலும் ஒரு மணி நேர வேலை மேடம். நாங்களே பண்ணிக் கொடுத்துடறோம்."

"அக்கா, உனக்குப் பொறாமை" என்றான் தம்பி. விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னான்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எக்கேடோ கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

திங்கட்கிழமை காலை 10:20. ஆபீஸில் இருந்தேன். தம்பி போன்.

"அக்கா, கோவமா? ஒண்ணு கேட்கணும். அந்தப் பக்கத்து சீட் கீழே ஈரம் காயவே மாட்டேங்குது. நேத்து மூணு தடவை துடைச்சேன். சாயங்காலம் வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு இருக்கேன். அஞ்சரைக்குக் கிளம்பணும். நீ நல்லா இருக்குன்னு சொன்னேன்னு சொல்லித்தான் இவளைச் சம்மதிக்க வெச்சிருக்கேன்."

"நான் எப்படா சொன்னேன்?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான்கா."

போனை வைத்தேன்.  சனிக்கிழமை எடுத்த போட்டோவிலிருந்து சாம்பல் காரின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடித்தேன். நிறத்தை மாற்றலாம், நம்பர் பிளேட்டை மாற்றலாம். அந்த எண்ணை மாற்ற முடியாது.

ஒரு பைல் வந்தது. இரண்டு வருஷம் பழையது. நீலக் கார்.

கீழே கையெழுத்து என்னுடையது.

பார்க்காத வண்டிக்குக் கையெழுத்துப் போட்டதில்லை என்று சொன்னேன் இல்லையா. பொய். ஒரு தடவை போட்டிருக்கிறேன். மாதக் கடைசி. மேஜையில் முப்பத்தொரு பைல். கராஜிலிருந்து வந்த ஒன்பது போட்டோவைப் பார்த்துவிட்டு எழுதினேன். எவனோ பணக்கார வீட்டுப் பிள்ளை, குடித்துவிட்டுப் பாலத்தில் இடித்திருப்பான், இவனுக்கெல்லாம் நான் வெயிலில் போக வேண்டுமா என்று நினைத்தேன். அது இப்போதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விபத்து நடந்த இடம்: கால்வாய்ப் பாலம், ரவுண்டானாவிலிருந்து 8.7 கி.மீ. நேரம்: மாலை 5:50-க்குப் பிறகு. ஓட்டியவர்: காயம் இல்லை. அவர் வாக்குமூலம்: தனியாக வந்தேன்.

31.6-இல் 14.2-ஐக் கழியுங்கள். இரண்டால் வகுங்கள். நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

8.7.

அதற்குக் கீழே ஒரு கட்டம். 'மற்ற பயணிகள்.' அதில் என் எழுத்து: 'இல்லை.'

ஏழாவது போட்டோவைப் பெரிதாக்கினேன். பக்கத்து இருக்கையின் பெல்ட் தெரிந்தது. ஆள் இல்லாத பெல்ட் சுருண்டு உள்ளே போய்விடும். மோதும்போது ஆள் போட்டிருந்த பெல்ட் மட்டும்தான் இழுபட்ட இடத்திலேயே செத்துத் தொங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தப் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள். நேராக, சுத்தமாக.

போட்டோ இரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

பைலின் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் எழுதியது. 'காணாமல் போன பெண்ணின் அம்மா. பதினோரு முறை போன் செய்தார். மகள் வாசலில் அந்த வண்டியில் ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தாராம். பாலம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தானாம். வண்டியைப் பார்த்தவரிடம் பேச வேண்டுமாம்.' கீழே நம்பர்.

அதற்கும் கீழே என் எழுத்து. 'நாம் வண்டியைப் பார்க்கிறவர்கள். பெண்ணைத் தேடுகிறவர்கள் இல்லை. பைலை மூடவும்.'

எழுத்து அழகாக இருந்தது. அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

டாக்சி பிடித்துக் கிளினிக்குக்கு ஓடினேன். தம்பி ஒரு பெரியவரின் வாயில் கையை வைத்திருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தி, பைலைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேய் என்ற வார்த்தையையும் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் நோயாளி நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நேத்து ராத்திரி வீட்டுக்காரி வண்டியைப் பார்க்க வந்தா. கதவைத் திறந்துட்டு உடனே மூடிட்டா. 'யாரோ உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு, நான் எங்க உட்காருறது'ன்னு கேட்டா. நான்தான் கிண்டல் பண்ணேன்."

சாவியை என் கையில் வைத்தான். அன்று மத்தியானமே அந்தக் கார் போலீஸ் வளாகத்துக்குப் போனது, கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு. நான் புது அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'மற்ற பயணிகள்: ஒருவர். முதல் அறிக்கை தவறு. தவறு என்னுடையது.'  பழைய சொந்தக்காரன் எப்போதோ வெளிநாடு போய்விட்டானாம். அந்தப் பெண்ணைக் கால்வாயில் ஆள் இறக்கித் தேடுகிறார்கள். இதை எழுதுகிற இன்று வரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காரின் தரைவிரிப்பு இன்னும் காயவில்லை என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். 

இதெல்லாம் பலருக்குத் தெரியும். இனிமேல் சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதே திங்கட்கிழமை சாயங்காலம் அந்தச் சீட்டில் இருந்த நம்பருக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்மா. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க பொண்ணு விஷயமா..."

"வண்டியைப் பார்த்தவங்களா?"

"ஆமாம்மா."



"நீங்க குள்ளமா இருப்பீங்களா?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கண்ணாடி போட்டிருப்பீங்க. முடியைத் தூக்கிக் கட்டியிருப்பீங்க."

"அம்மா... உங்களுக்கு எப்படி..."

"சனிக்கிழமை பார்த்தேனே. அதே வண்டி. கலர்தான் வேற. அஞ்சு அம்பது. அன்னைக்கும் அஞ்சு அம்பதுதான். கேட்டுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. நீங்க ஓட்டிக்கிட்டு வந்தீங்க. என் பொண்ணு கீழே காத்துக்கிட்டு நின்னா. கதவைத் திறந்து ஏறினா. நான் கையாட்டினேன். அவ பார்க்கல. நீங்க பார்த்தீங்க."



அவள் குரலில் கோபமே இல்லை. அழுகையும் இல்லை. ஆட்டோக்காரரிடம் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"ரெண்டு நாளா உங்க போனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். சொல்லுங்கம்மா... என் பொண்ணை எங்கே இறக்கி விட்டீங்க?"